ஊசி முனிரத்தினத்தின் கையெழுத்து

ஒரு கோப்பைப் படிக்க எழுத்தோர்விக்கு நாற்பது நொடி போதும். முனிரத்தினத்தின் கோப்பை விழுங்கிவிட்டு ஆறு நிமிடமாக அது வாயே திறக்கவில்லை.

"என்ன தணிகை, உன் மிஷினுக்கும் எங்கப்பான்னா இளக்காரமா?" என்றாள் தமயந்தி.

வீரணந்தாங்கலில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். பனிமலைப் போரில் காயம்பட்டவர்களின் பெயர்கள் ஊர் நுழைவு வளைவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. மாசித் திருவிழாவில் முதல் மாலை அவர்களுக்குத்தான். தமயந்தியின் அப்பா அந்தப் போரில் கள மருத்துவ உதவியாளர். சுடவும் இல்லை, சுடப்படவும் இல்லை. சாகும்வரை ஊருக்கு அவர் 'ஊசி' முனிரத்தினம். அவருக்குக் கோபம் வந்ததில்லை. மகளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர் செய்த ஒரு காரியமாவது தாளில் இருந்துவிட்டால் வளைவில் பெயர் ஏறிவிடும். அதற்காகவே படை ஆவணக் காப்பகத்துக்கு மூன்று ஆண்டுகள் நடையாய் நடந்து கோப்பை வாங்கியிருந்தாள்.

கோழி கிண்டியது போன்ற எழுத்து, படைக் குறிகள், மங்கிய காயப் படங்கள் எல்லாவற்றையும் எழுத்தோர்வி படிக்கும். ஒருமுறை பார்த்த கையெழுத்தை மறக்காது. அதை இயக்கும் தணிகைவேலின் அப்பா ஏகாம்பரம், வளைவில் மூன்றாவது பெயர்.

திரை ஒளிர்ந்தது. தணிகைவேல் இரண்டு முறை படித்தான்.

"அக்கா, இது உங்கப்பாவ மட்டும் சொல்லல."

வளைவில் பெயருள்ள ஊர்க்காரர்கள் பதினேழு பேரின் காயச்சீட்டுகளை எழுத்தோர்வி முன்பே ஏற்றிருந்தது. 'எதிரியின் குண்டு, இடது உள்ளங்கை' என்று எழுதியவர் மருத்துவர் என நம்பியிருந்தது. இந்தக் கோப்பில் அவர் எழுத்தைப் பார்த்ததும்தான் அது முனிரத்தினத்தின் கை என்று அதற்குத் தெரிந்தது. காயச்சீட்டு எழுத உதவியாளருக்கு அதிகாரமில்லை; உடனே படங்களை மறுபடி பார்த்தது. பதினேழு காயத்திலும் தோல் கருகியிருந்தது. துப்பாக்கி முனையை ஒட்டி வைத்துச் சுட்டால்தான் அப்படிக் கருகும். வீடு திரும்புவதற்காகத் தங்கள் கையைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

"மாட்டியிருந்தா?"

"ஜெயிலுதான். எங்கப்பா உள்ள போயிருந்தா நானே பொறந்திருக்க மாட்டேன்."

"ஊசின்னு பேர் வச்சதே உங்கப்பாதான்டா."

அவன் திரையைக் கீழே நகர்த்தினான். திரை சொன்னது: பதினேழு பேரைக் காத்தவர் முனிரத்தினம். வளைவில் சேர்க்கலாம். பதினேழு பெயர்களை நீக்கலாம். மகளின் ஒப்புதல் தேவை.

"சேர்த்துட்டு, நீக்காம விட முடியாதா?"

"முடியாதுக்கா. ரெண்டும் ஒரே முடிவு. வேணாம்னா அதுக்குக் காரணத்த உங்க கையால எழுதணும். படைக் கோப்பு, அதனால அந்தச் சீட்டுங்க மாதிரியே இங்கிலீஷ்ல."

தமயந்திக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு விரலை அழுத்தினால் பதினேழு வீட்டின் கொட்டமும் அடங்கும். ஆனால் அப்பா காலமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்காகவா? பேனாவை எடுத்தாள். 'சீட்டுகளில் இருப்பது என் தந்தையின் கையெழுத்து அல்ல' என்று எழுதி நீட்டினாள். தணிகைவேல் அதை இரண்டு கைகளாலும் வாங்கினான்.

வாரிசின் சொல்லை எழுத்தோர்வி மறுக்காது. மறுப்பை ஏற்றது, பதினேழு பெயர்களையும் விட்டுவிட்டது. ஆனால் எழுதியவர் யாரென்று தெரியாத கோப்பை மூடவும் அதற்குத் தெரியாது. தன்னிடமுள்ள எல்லாக் கையெழுத்துகளையும் தேடி, கடைசியாக வந்த அவளுடைய மறுப்புத் தாளில் நின்றது.

'சீட்டுகளை எழுதியவர்: தமயந்தி. போரின்போது இவர் பிறந்திருக்கவில்லை. மற்றபடி ஐயமில்லை.'

அவளுக்கு எழுதப் பழக்கியவர் யார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

"அய்யோ, தப்பாப் போட்டிருச்சு. இதுக்கும் ஒரு மறுப்பு எழுதிடுங்கக்கா."

"வேணாம்," என்றாள் தமயந்தி. "எனக்கு ஒரு பிரதி எடுத்துக் குடு."