ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

ஸ்குரூடிரைவர் நழுவி உள்ளங்கையைக் கிழித்தது. மாணிக்கவாசகம் கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பி, ரத்தத்தைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, பெட்டியின் மூடியை மறுபடி நெம்பினார். நாளைக் காலை ஹேமந்த் வருவதற்குள் இந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தாக வேண்டும். இருக்கக் கூடாதது இருந்தால், அது இருந்த இடம் தெரியாமல் போயாக வேண்டும்.

ஆணி கிறீச்சிட்டு எழும்பியது. அதோடு இன்னொரு சத்தம்.

டொக். டொக். டொக்.

அடுக்கின் கோடியில், தரையில் தனியாகக் கிடந்த கடைசிப் பெட்டியிலிருந்து.

"புறா," என்றார் வாய்விட்டு. தகரக் கூரையில் நடக்கிற புறாவின் சத்தம் தரையிலிருந்து ஏன் வருகிறது என்று யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

விஜயதசமிப் பிற்பகல். ஒரு யானை நடந்து போவதைப் பார்க்க விடியற்காலையிலிருந்தே மரத்திலும் மதிலிலும் தொற்றிக்கொண்டு நிற்கும் மைசூர் ஜனங்களை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். இன்றைக்கு அந்த மடையர்கள் உபகாரமாக இருந்தார்கள். ஊர்க்கோடித் தொழிற்பேட்டையில், ஜன்னல் இல்லாத இந்தக் கொட்டகைப் பக்கம் ஈ காக்கை கிடையாது. கூட்டிப் பெருக்குகிற பாப்பாயியைத் தவிர.

"ஏனுங்க சார், யானை பாக்கப் போகலீங்களா?" வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

"நீ போயேன். அம்பாரிக்கு ஒரு கும்பிடு போடு. ஓடிப்போன புருஷன் திரும்பி வருவான்."

"வாரதுன்னா தானா வருவாருங்க. யானை என்ன, கட்டியா இழுத்தாரப் போகுது?" அவள் பார்வை கல் அறுக்கும் ரம்பத்தின் மேல் போயிற்று. வட்டத் தகட்டுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். "நேத்து ஆயுத பூசை போட்டுப் படுக்க வெச்சிருக்குதுங்க. நாளைக்குப் பூவ எடுத்துப்போட்டுத்தான் ஓட்டோணும். இன்னிக்கு எழுப்பீராதீங்க சார்."

"மிஷினுக்குத் தூக்கம் வேறயா? வாசல்ல போய் உக்காருடி."

போனாள். அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்ததே அவர்தான். அதற்காகத் தினமும் கையெடுத்துக் கும்பிடுவாள். அவருக்குச் சிரிப்பாக வரும்.

ஹனூர் தாண்டி ஒரு குன்றில் தங்கமும் வெள்ளியும் தேடுகிற கம்பெனி அது. பூமியைக் குழாயால் துளைத்து, வருகிற பாறையை உருளை உருளையாக நீளப் பெட்டிகளில் அடுக்கி மைசூருக்கு அனுப்புவார்கள். அறுத்து, அரைத்து, சோதித்துக் கணக்குப் போடுவார்கள். குன்றில் நிஜமாக இருந்தது கொஞ்சம் வெள்ளி, நிறையக் காக்காப்பொன். மீதியை, சோதனைக்குப் பொறுப்பான மாணிக்கவாசகம் நகைப் பட்டறைத் தூளால் சரிக்கட்டினார். அரைத்த கல் பைக்குள் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். ஆறாம் துளையில் தங்கம், ஏழாம் துளையில் தங்கம் என்றால் நடுவிலுள்ள பாறையும் தங்கம் என்று எழுதிக்கொள்வது இந்தத் தொழிலின் சாஸ்திரம். நடுவில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அதனால்தான் கெம்பையனை அங்கே புதைத்தார்.

கெம்பையன் துளை போடுகிறவன். பாப்பாயியின் புருஷன். ஒரு நாள் குன்றிலேயே அவர் கல்லில் தூள் தூவியதைப் பார்த்துவிட்டான். மிரட்டியிருந்தால் காசை வீசியிருக்கலாம். அவன் சிரித்தான். "கல்லுக்குத் திருநீறு போடுறீங்களா சார்?" என்று கேட்டான். கைநாட்டுப் பயல். இரும்புத்தடி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. துளைச் சேறு வடிகிற குழி பக்கத்திலேயே இருந்தது. குழிக்கு மேல் ஒரு பலகை. பலகைக்கு மேல் மண்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெங்களூரிலிருந்து ஹேமந்த் வரும்வரை. எங்கோ வெளிநாட்டுச் சுரங்கம் ஒன்று முழுப் புளுகு என்று அந்தத் தொண்ணூற்றேழில் பேப்பரில் வந்ததும் முதல் போட்டவர்களுக்கெல்லாம் சந்தேக வியாதி. கணக்கைச் சரிபார்க்க இந்தக் கம்ப்யூட்டர் பொடியனை ஏவினார்கள். "நடுவுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதே சார், ஒரு துளை போட்டுப் பாத்துடலாமே," என்றான். மாணிக்கவாசகம் மெட்ராஸ் போயிருந்த வாரத்தில் போட்டும்விட்டான். அந்தத் துளையின் பெட்டிகள்தான் இன்று லாரியில் வந்து இறங்கியிருந்தன.

முதல் பெட்டி திறந்துகொண்டது. செம்மண். வேர்கள். வெள்ளையாக ஒரு துண்டு... சுண்ணாம்புக்கல். எலும்பு இல்லை, துணி இல்லை. குழாய் ஒரு சாண் தள்ளி இறங்கியிருக்கிறது. மாணிக்கவாசகம் சிரித்தார். செத்த பிறகுதான் அந்தப் பயலுக்கு ஒதுங்கிப் படுக்கத் தெரிந்திருக்கிறது.

டொக். டொக். டொக்.

தூரத்தில் அரண்மனைப் பீரங்கி முழங்கி ஓய்ந்தது. தட்டல் ஓயவில்லை. மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று. குழாயில் சிக்கிய கல்லை இறக்க மரச்சுத்தியால் கெம்பையன் தட்டுவது அப்படித்தான். மூன்று தட்டி, "எறங்கி வா தாயி" என்று கல்லைக் கொஞ்சுவான்.

அடுத்துக் கைக்கு வந்த, ஆழத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தார். ஈரச் சேறும் பீடியும் கலந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே வெள்ளைக் கல் உருளைகள், வெள்ளிக் கோடு ஓடிய நல்ல கல், எண்பது மீட்டர் ஆழத்தில் கோடிக்கணக்கான வருஷமாக இறுகிக் கிடந்த கல். அதில் ஒன்றின் வழவழப்பான வெட்டுமுகத்தில் கறுப்பாக ஒரு முடிச்சு. கறுப்புக் கயிறு. கயிற்றில் செப்புத் தாயத்து, குறுக்கே துல்லியமாக அறுபட்டு, பாறைக்குள் பாறையாக. மாதேஸ்வரன் மலையில் கட்டிக்கொண்டது என்று கெம்பையன் ஊரெல்லாம் காட்டித் திரிந்த தாயத்து.

முட்டாள்தனம். கல்லில் கறை. அவ்வளவுதான்.

ஆனாலும் ஹேமந்த் பார்க்கக் கூடாது. உருளையை ரம்பத்தில் வைத்து ஸ்விட்சைத் தட்டினார். சாமந்தி பிய்ந்து பறந்தது. தகட்டில் விழுந்த தண்ணீர் சிவப்பாக வழிந்தது.

குங்குமம்.

சிவப்பு வெளுக்கவில்லை. கெட்டியானது. சூடாக விரலில் பட்டது.

மின்சாரம் போயிற்று. இருட்டு. ரம்பம் முனகி நின்றது. சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

டொக். டொக். டொக்.

இப்போது கையிலிருந்த கல்லுக்குள். கீழே போட்டார். தரையில் உருண்டபடியே தட்டியது.

கடைசிப் பெட்டி. அதன் ஆணிகள். தாமாக எழும்பின, ஒவ்வொன்றாக. பாய்ந்து மூடிமேல் உட்கார்ந்தார். முழுப் பாரத்தோடு.

"யாருங்க சார் தட்டறது?"

வாசல் வெளிச்சத்தில் பாப்பாயி.

"எவனும் இல்ல. போ வெளிய."

அவள் போகவில்லை. வந்தாள். மண்டியிட்டாள். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், மூடியில் காதை வைத்தாள்.

"இது எங்க ஊட்டுக்காரரு தட்டுறதுங்க."

விரல் முட்டியால் மெல்ல மூன்று தட்டினாள். கொட்டகையிலிருந்த அத்தனை பெட்டிகளும் மூன்று தட்டுத் தட்டின.

"எந்திரிங்க சார்."

எழவில்லை. எழுந்தால் திறந்துவிடும். அடியில் மரம் முட்டியது. விரற்கடை அளவு எழும்பியது. இந்த அதிர்வு அவர் உடம்புக்குத் தெரியும். அன்றைக்கும் பலகைமேல் இப்படித்தான் ஏறி நின்றார். அன்றைக்கும் காலடியில் மூன்று தட்டு. "சார், நான் இருக்கேனுங்க சார்..." மண்வெட்டியை அவர் நிறுத்தவில்லை.

இரும்புத்தடி கெம்பையனைக் கொன்றிருக்கவில்லை.