ஒரு மெட்ரோவுக்கு ஒரு வாய்

டெல்லி ஜனக்புரியில் நாங்கள் குடிவந்த வீடு மூன்றாவது மாடி. எதிரே தூண்களின் மேல் மெட்ரோ ஓடுகிறது. ரயில் எங்கள் பால்கனியின் உயரத்துக்குச் சரியாக வரும். ஸ்டேஷன் பக்கம் என்பதால் வேகம் குறைந்துதான் போகும். பெட்டிக்குள் நிற்பவர்கள் எங்கள் கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். முதல் நாள் சாமான் இறக்கும்போதே, இந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்கும் என்று நான் முகம் சுளித்தேன். என் இடுப்பில் இருந்த எட்டு மாத அபூர்வா, போகிற ரயிலைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

அந்தத் திறந்த வாயின் அருமை எனக்குத் தெரியவில்லை. சந்திரம்மாளுக்குத் தெரிந்தது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் வைத்த ஆள் அவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டட வேலைக்கு வந்து, இங்கேயே தங்கி, மகள் மஞ்சுவோடு குடிசைப் பகுதி ஒன்றில் இருந்தாள். எனக்குக் கரோல் பாகில் ஒரு வங்கியில் வேலை. கணவர் ஸ்ரீதருக்குக் கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. தமிழ் பேசுகிற ஆள் கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சேர்ந்த முதல் வாரமே அவள் அந்த வித்தையைக் கண்டுபிடித்துவிட்டாள். பால்கனியில் குழந்தையை உட்கார வைத்து, எதிரே பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்காருவாள். பருப்பு சாதத்தைச் சின்னதாக உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அதில் ஒரு சொட்டு நெய் விடுவாள். தூரத்தில் தண்டவாளம் முனகும். "மெட்டுரோ வருது, ஆ காட்டு சாமி" என்பாள். வாய் திறக்கும். ஒரு மெட்ரோவுக்கு ஒரு வாய். பதினைந்து ரயிலில் கிண்ணம் காலி. கடைசி உருண்டையைக் குழந்தையின் முகத்தை மூன்று முறை சுற்றி, கம்பி விளிம்பில் காக்கைக்கு வைப்பாள். பிறகு குழந்தை நாக்கை நீட்டி, "காலி" என்று காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அன்று நான் உட்காருவேன். அதே சோறு, அதே முக்காலி, அதே ரயில். அபூர்வா உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்ப்பாள்.

பேச்சு வந்தபோது சந்திரம்மாளை "அம்மா" என்றாள். என்னை "மம்மி" என்றாள். பார்க்கில் மற்ற குழந்தைகள் சொல்வதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட சொல். ஸ்ரீதர் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பேர் வைத்து மழுப்ப விரும்பவில்லை. என் ரவிக்கையில் பவுடர் வாசனை அடிக்கும், குழந்தையின் தலையில் சந்திரம்மாள் கையில் தடவிக்கொள்ளும் தைல வாசனை அடிக்கும். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் பிள்ளையின் மனம் கல்லாகவே இருந்திருந்தால் பரவாயில்லை. எனக்கு மட்டும்தான் அது கல்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். கூட்டத்தில் உதவியாக இருக்கும் என்று ஸ்ரீதர்தான் சந்திரம்மாளையும் வரச் சொன்னார். வெள்ளைப் புலிக் கூண்டுக்கு முன்னால் அபூர்வா தடுக்கி விழுந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். அவள் எழுந்து, அழுதுகொண்டே, என்னைத் தாண்டி ஓடி சந்திரம்மாள் மடியில் விழுந்தாள். பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பெண்மணி அதைப் பார்த்து உருகிவிட்டு, என்னிடம் திரும்பி, நீங்கள் குழந்தையின் சித்தியா என்று கேட்டாள்.

அன்று மாலை ஸ்ரீதரிடம் சொன்னேன், சந்திரம்மாள் குழந்தையை அடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று.

அவள் அடிக்கவில்லை. ஒரு நாளும் அடித்ததில்லை.

மறுநாள் காலை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. வலது கையைத் தூக்கி எனக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். காய்ப்பு விழுந்த, மஞ்சள் ஏறிய கை.

"இந்தக் கை அடிக்கிற கையா மேடம்? நீங்களே சொல்லுங்க."

நான் கதவைச் சாத்தினேன். அத்தோடு விட்டேனா? எங்கள் குடியிருப்பின் தாய்மார்கள் வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டேன், இந்தப் பெண்ணைக் குழந்தையிடம் விடாதீர்கள் என்று. அவள் காலையும் மாலையும் பாத்திரம் கழுவுகிற இரண்டு வீடும் அந்தக் குழுவில்தான் இருந்தன.

ஜனவரி வந்தது. வெயில் மஞ்சளாகப் பிறந்து மஞ்சளாகவே செத்துக்கொண்டிருந்த நாட்கள். பனியில் எதிர்த் தூண்கூடத் தெரியாது, ரயில் வருவது சத்தத்தில்தான் தெரியும். நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அபூர்வா பாலும் பிஸ்கட்டும் தவிர என் கையால் எதையும் வாங்கவில்லை. ஏழாம் தேதி மதியம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தபோது, அவள் ஏற்கெனவே தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தண்டவாளம் முனகியது.

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்து அல்ல, எதிரே இருந்த காலி முக்காலியைப் பார்த்து.

வாய் மூடியது. மென்றாள். விழுங்கினாள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த ரயில் வந்தது. மறுபடி வாய் திறந்தது. உதட்டோரத்தில் ஏதோ ஒட்டியதுபோல நாக்கால் துடைத்துக்கொண்டாள். பதினைந்து ரயில். பிறகு நாக்கை நீட்டி, "காலி" என்றாள். என் கிண்ணத்தை நீட்டினேன். வயிற்றைத் தட்டிக் காட்டி, "ரொம்பிச்சு" என்றாள். அது எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை.

தினமும் இதே கதை. வயிறு நிறைந்துவிட்டது என்கிற குழந்தை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் எடை பார்த்தார். பதினொரு கிலோ இருந்தவள் ஒன்பதரை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, மலத்தில் ஒன்றும் இல்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாக ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அவளைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பு என் விரலில் தட்டியது.

லீவு முடிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அரை நாளில் கிளம்பி வந்தேன். துவாரகா போகிற வண்டியில் கதவோரம் நின்றிருந்தேன். மணி ஒன்று இருக்கும். பனி கொஞ்சம் விலகியிருந்தது. வண்டி வேகம் குறைந்து எங்கள் பால்கனியைக் கடந்தது.

அபூர்வா உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது.

எதிரே முக்காலியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் அரக்கு நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் உருவம். வலது கை குழந்தையின் வாய்க்கு உயர்ந்திருந்தது.

பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சந்திரம்மாள் எனக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக வந்து போகிறாள், ஸ்ரீதரும் கூட்டு என்று நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து மாடியேறினேன். ஸ்ரீதர் உள் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். காதில் ஹெட்போன்.

"யாரும் வரல அகல்யா. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கு. அவ வெயில்ல உக்காந்திருக்கா, நான் இங்கேருந்தே பாத்துட்டுதான் இருக்கேன்."

முக்காலி காலி. கம்பி விளிம்பில் ஓர் உருண்டை சோறு இருந்தது. நடுவில் கட்டைவிரல் குழி. குழியில் நெய் உறைந்திருந்தது.

அன்று எங்கள் வீட்டில் சோறே வடிக்கவில்லை.

பக்கத்துக் கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அது உருண்டையைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது, பறந்து போய்விட்டது.

அப்போதும் நான் நம்பவில்லை. வைதுவிடலாம் என்று அவள் நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது மஞ்சு.

"அம்மா போய்ச் சேந்துடுச்சு மேடம். ஆறாம் தேதி. நான் ஆஸ்பத்திரில க்ளீனிங் ட்யூட்டில இருந்தேன். குளுருக்கு அங்கீட்டி அடுப்புல கரி போட்டு வெச்சிக்கினு கதவ சாத்திட்டுப் படுத்துருக்குது. பொகை உள்ளாரயே நின்னுடுச்சு. வேலையெல்லாம் போனப்புறம் வூட்லயேதான் கெடந்துச்சு. ஒரு மணியானா, பாப்பா சாப்ட்டுச்சோ என்னமோன்னு சொல்லிக்கினே இருக்கும்."

ஆறாம் தேதி. காலி முக்காலியைப் பார்த்துக் குழந்தை வாயைத் திறந்தது ஏழாம் தேதி.

ஸ்ரீதரிடம் சொல்லத் துணிவில்லை. சொன்னால் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியம் கிண்ணத்தோடு பால்கனிக்குப் போனேன். காலால் முக்காலியை உதைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நானே உட்கார்ந்தேன். செத்த பிறகும் விட்டுக்கொடுக்க மாட்டாளா என்று மனசுக்குள் வைதேன். ரயில் வந்தது. குழந்தையின் மூக்கைப் பிடித்து, திறந்த வாயில் சோற்றைத் திணித்தேன். துப்பினாள். மறுபடி திணித்தேன். மறுபடி துப்பினாள்.

அடித்துவிட்டேன்.

அந்த ஒட்டிய கன்னத்தில் நாலு விரலும் பதிந்தன. அபூர்வா ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, நான் தள்ளிவிட்ட முக்காலியின் பக்கம் மெல்லத் திரும்பி, கண்ணில் நீர் வழிய, வாயைத் திறந்தாள்.

தைல வாசனை வந்தது.

முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டேன். "நீ அடிக்கல சந்திரம்மா. நான்தான் பொய் சொன்னேன். பொறாமையில சொன்னேன்" என்றேன். பின்னால் கதவருகே ஸ்ரீதர் நிற்பது தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. "நீ ஊட்டறது இவ உடம்புல ஒட்டலியே. புள்ள போயிடும் போல இருக்கே. உனக்குக் கை இல்லன்னா என் கைய எடுத்துக்கோ. இவ சாப்பிட்டா போதும்."

தண்டவாளம் முனகியது.

நான் கையைத் தூக்கவில்லை.

கை எழுந்தது. கிண்ணத்துக்குள் போய்ச் சோற்றைப் பிசைந்தது. உருட்டியது. என் கட்டைவிரல் நடுவில் ஒரு குழி அழுத்தியது. நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அபூர்வா வாயைத் திறந்தாள். என் கைக்கு. மென்றாள், விழுங்கினாள். அடுத்த ரயிலுக்காகக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள். பதினைந்து ரயில் முடியும் வரை நான் அழுதுகொண்டிருந்தேன், கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கடைசி உருண்டையை மூன்று சுற்றுச் சுற்றி விளிம்பில் வைத்தது. காக்கை வந்து தின்றது.

அன்றே குழுவில் நடந்ததை எழுதினேன், நான் சொன்னது பொய் என்று. ஸ்ரீதர் பத்து நாள் என்னிடம் பேசவில்லை. குழந்தை தேறத் தேற அவரும் தேறினார். மார்ச்சில் பன்னிரண்டு கிலோ. "உன் கையால எப்படிச் சாப்பிடறா பார்" என்று அவரே சொன்னார். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டபோது வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

என் கைதான். ஆனால் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் தைல வாசனை போவதில்லை. வங்கியில் மணி ஒன்றானால் விரல்கள் தானாகக் குவிகின்றன. தூங்கும்போது அபூர்வா என்னைக் கட்டிக்கொள்வதில்லை, என் வலது கையை மட்டும் இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். ஊரில் எவள் எவள்மேலோ பொறாமைப்படுவாள். நான் என் கைமேல் பொறாமைப்படுகிறேன்.

மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். ஸ்ரீதர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். வெள்ளைப் புலிக் கூண்டருகே அபூர்வா என் பிடியிலிருந்து நழுவி, தடுப்புக் கம்பியில் ஏறிவிட்டாள். பாய்ந்து இழுத்தேன். பயத்தில் வந்த கோபம், அடிக்கத்தான் கையை ஓங்கப் பார்த்தேன்.

வலது கை வரவில்லை. தொடையோரம் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

இடது கையை ஓங்கினேன்.

வலது கை எழுந்து வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்தது. அழுத்திப் பிடித்தது. பல வருஷம் செங்கல் சுமந்தவளின் பிடி. நான் அசையவில்லை, அசைய முடியவில்லை. பிறகு மெல்ல என்னை விட்டுவிட்டுக் குழந்தையிடம் போனது.

அபூர்வா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ரகசியம் போலச் சொன்னாள்.

"அம்மா, மம்மி அடிக்குது."

கை அவள் தலையைத் தடவிக் கொடுத்தது. நான் தடவவில்லை.