நாலாவது டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, நல்ல வெயிலில், நிபுணர் தன் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். நிபுணர் என்பது அவருக்கு வீட்டார் வைத்த கேலிப் பெயர். அதில் இருந்த கேலி மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை. அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே நான்கு வரிப் பட்டங்கள் இருந்தன. அலுவலகத்தில் பிரின்டரில் பேப்பர் சிக்கினால்கூட, "இதை ஆர்க்கிடெக்சர் லெவல்ல பார்க்கணும்" என்பார். பேப்பரை வேறு யாராவது உருவிப் போடுவார்கள்.

"வாடா. எங்க நீ போனையே எடுக்கமாட்டியோன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. கணவர் இறந்து எட்டு மாதத்தில் அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

"மீட்டிங்க்கா. சொல்லு, என்ன பிரச்சினை?"

"அவர் பொட்டி கத்துது."

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கதவைத் திறந்ததும் சூடேறிய தூசி வாடையும் வலித் தைலத்தின் வாடையும் வந்தன. அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று, தூங்கி எழுந்தவர் பக்கத்தில் வந்து பேசினால் அடிக்கும் வாய் வாடை போல. எட்டு மாதமாக அந்த அறையில் யாரும் தூங்கவில்லை.

மேஜைமேல் கறுப்புப் பெட்டி ஒன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கீச்சிட்டுக்கொண்டிருந்தது. முகப்பில் நான்கு பொந்துகள், அவற்றில் நான்கு டிஸ்க்குகள். வீட்டின் முப்பது வருடப் படங்களும் பாட்டுகளும் அதற்குள் இருந்தன. அத்தான் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் புத்தகம் பார்த்துக் கற்றுத் தானே பூட்டிய பெட்டி இது. நோய் முற்றிக் குரல் தேய்வதற்கு முன், நாளுக்கு ஒன்றாக முப்பத்தேழு ஒலிப்பதிவுகளைப் பேசிச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். எல்லாமே "சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்கும். அப்புறம் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, மோட்டாரை எத்தனை நிமிஷம் ஓடவிடலாம் என்று போகும். அக்கா தினமும் மதியம் ஒன்றைப் போட்டு, பதில் சொல்லிவிட்டுத்தான் தட்டில் கைவைப்பாள்.

"அது மட்டும் போயிடக் கூடாதுடா. மத்ததெல்லாம் எரிஞ்சு சாம்பலானாலும் எனக்குக் கவலையில்ல."

நிபுணர் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் நான்கு கோடுகள். முதல் மூன்று டிஸ்க்கும் முப்பத்துமூன்று சதவீதம் நிரம்பியிருந்தன. நாலாவது சிவப்பு: தொண்ணூற்றொன்பது.

"பாரு. மூணு பேர் காலை நீட்டிப் படுத்திருக்கான், ஒருத்தன் மூட்டை சுமக்கிறான். தபால்காரர் கட்டின பெட்டி வேற எப்படி இருக்கும்?"

"அவர் தெரிஞ்சுதான் அப்படி வெச்சார்."

நாலாவது டிஸ்க்கில் ஒரே ஒரு ஃபோல்டர். பெயர் 'மூச்சு'. உள்ளே லட்சக்கணக்கான ஃபைல்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வினாடி. அந்த ஃபோல்டர் வேறு எந்த டிஸ்க்குக்கும் போகாதபடி அத்தான் பூட்டு போட்டிருந்தார்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டுல நாங்க பேசிப் பதிவு பண்ணின எதுலயும் ஒரு மூச்சு கூடுதலாக் கேக்கும். என்னோடதும் இல்ல, அவரோடதும் இல்ல. அழிச்சுப் பார்த்தார். அழிச்சா, மறுநாள் இன்னும் கிட்டத்துல கேக்கும். வெட்டி நாலாவதுல போட்டா அங்கயே கெடக்கும். தினம் தானா வெட்டிப் போட ஒரு ப்ரோக்ராம் எழுதி வெச்சார். போன வாரம் நாலு ரொம்பிடுச்சு. அதுலேருந்து அவர் பேசறதுக்கு நடுவுல திரும்பவும் கேக்குது."

"அதுக்குப் பேரு நாய்ஸ்க்கா. மைக் சரியில்லைன்னா வரும்."

"என்னவோ ஒண்ணு. புது டிஸ்க் பீரோவுல இருக்கு. நாலாவதை உருவிப் பூட்டிவெச்சுட்டு, அந்த இடத்துல அதை மாட்டணும்னார். எனக்குக் கை நடுங்குது, அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

இரண்டு நிமிட வேலை. நிபுணருக்குச் சுருக்கென்றது. நான்கு வரிப் பட்டம் வாங்கியவனை, பல்பு மாட்டுகிறவனைப் போலக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மூணு டிஸ்க் காலியாக் கெடக்கறப்போ புதுசு எதுக்கு? டிஸ்க் மாட்ட நான் வரணுமா? இது டிசைன் கோளாறு. வேரோட சரி பண்ணித் தர்றேன்."

மேஜையில் அத்தானின் நோட்டு கிடந்தது. முத்து முத்தான கையெழுத்து: *நாலில் மட்டும். பிரிக்காதே. அழிக்காதே. நிரம்பினால் புதியது.*

"காலியா இருக்கறதெல்லாம் ரொப்பணும்னு இல்லைடா" என்றாள் அக்கா. "உன் தலையில சின்ன வயசுலேருந்து எவ்வளவு காலி இடம் கெடக்கு, நாங்க யாராவது கை வெச்சோமா?"

நிபுணர் சிரிக்கவில்லை. ஃபோல்டரின் பூட்டை நீக்கினார். 'எல்லா டிஸ்க்குக்கும் சமமாகப் பிரி' என்ற பொத்தானை அழுத்தினார்.

நாலாவது டிஸ்க் டிக் என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முதலாவது டிக் என்றது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. நான்கு பச்சை விளக்குகளும் தனித்தனியாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுசேர்ந்தன. மெல்ல எரிந்தன, மெல்ல அணைந்தன. எரிந்தன. அணைந்தன.

நெஞ்சு ஏறி இறங்குவது போல.

அரை மணியில் வேலை முடிந்தது. ஐம்பது, ஐம்பது, ஐம்பது, ஐம்பது. நான்கு கோடுகளும் அணிவகுப்பில் நிற்பது போல நேராக நின்றன. கீச்சொலி நின்றுவிட்டது.

"இதுக்குப் பேருதான் ஆர்க்கிடெக்சர்" என்றார் நிபுணர். "இப்போ போடு உன் பதிவை."

அக்கா முதல் பதிவைப் போட்டாள்.

"சாப்பிட்டியா?" என்றது அத்தான் குரல்.

அடுத்த வார்த்தைக்கு முன் யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக, ஈரமாக. அத்தான் குரல் "அந்தப் பித்தளைச் சாவி..." என்று தொடங்கியது. இழுத்த மூச்சு அதன்மேல் வெளியே வந்தது. அதற்கப்புறம் வார்த்தை இல்லை.

இரண்டாவது பதிவில் "சாப்பிட்டியா" மட்டும் இருந்தது. மூன்றாவதில் அதிலும் பாதி.

நாலாவதில் மூச்சு மட்டும்.

அக்கா ஒவ்வொன்றாகப் போட்டாள். பதினெட்டு. இருபத்தாறு. முப்பத்தேழு. ஒவ்வொன்றும் நிமிஷக் கணக்கில் பழையபடியே சரியான நீளம். உள்ளே ஒருவர் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், வாடகை கொடுத்துக் குடிவந்தவர் மாதிரி.

"எங்கடா அவர்?"

"இரு, பழையபடி மாத்திடறேன்." நிபுணரின் விரல்கள் பரபரத்தன. பழையபடி மாற்ற வழியில்லை. எந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்ற கணக்கே அந்தப் பெட்டியில் இல்லை. அதைத் தன் தலையில் வைத்திருந்த மனிதர் போய் எட்டு மாதம் ஆகிறது.

பிளக்கைப் பிடுங்கினார்.

விளக்குகள் எரிந்தன. அணைந்தன. எரிந்தன.

அந்த வாய் வாடை இப்போது அவர் முகத்துக்கு நேரே அடித்தது.

"தம்பி" என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடி. "அஞ்சாவதுன்னு ஒண்ணு வந்திருக்கு."

நான்கு கோடுகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. *டிஸ்க் ஐந்து. காலி இடம்: நூறு சதவீதம்.*

"அஞ்சு எப்படிக்கா வரும்? பொந்தே நாலுதான். இது டிஸ்ப்ளே எரர், நான் இருபது வருஷமா இந்த..."

பேச்சு அங்கே அறுந்தது. மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் மூச்சை இழுத்தது அவரில்லை. அவருடைய விலா விரிந்தது, தொண்டை குளிர்ந்தது. அவர் எதையுமே செய்யவில்லை.

வரி மாறியது. *நிரம்பியது: மூன்று சதவீதம்.*

ஓடிவிடலாம் என்று நினைத்தார். வாசல் பத்தடி தூரம். அங்கே வெயிலில் அவர் செருப்பு தெரிந்தது. கால் கேட்கவில்லை. ஒன்பது. பதினேழு. தன் நான்கு வரிப் பட்டங்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று. முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. எத்தனை வரி என்பதும் மறந்துபோயிற்று. முப்பது.

"டேய். டேய், என்னைப் பாரு. என்னடா பண்ணுது?"

நாற்பது.

திரையில் ஐந்து கோடுகளும் நாற்பதில் நேராக நின்றன.

நிபுணரின் வாய் திறந்தது. அவருக்கு என்றைக்கும் இல்லாத பரிவோடு, கொஞ்சம் தேய்ந்த குரலில், அது கேட்டது:

"சாப்பிட்டியா?"

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பேசுவது தன் கணவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கேள்விக்கு முன்னால் இழுபட்ட அந்த ஈர மூச்சை அவள் வருடக்கணக்காகக் கேட்டவள். எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் முப்பத்தேழும் போன வீட்டில், அந்தக் குரல் இருந்த ஒரே இடம் எதிரே, தம்பியின் வாயில், பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லைங்க" என்றாள்.

திரையில், ஐந்து கோடுகளுக்கும் கீழே, ஆறாவதாக ஒரு வரி திறந்தது.

*காலி இடம்: நூறு சதவீதம்.*