சங்கிலி கழற்றாத பாம்பு

வெர்லின் கோயின்ஸின் ஒரு கன்னம்தான் மழிக்கப்பட்டிருந்தது. மறு கன்னத்தில் நுரை காய்வதற்குள் க்ளெமி ராட்லிஃப் முடிதிருத்தும் கடைக்குள் புகுந்துவிட்டாள்.

“வெர்லின் அண்ணே, என் பெல்லைக் காணோம்!”

பெல் அவளுடைய வேட்டை நாய். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு வாலாட்டும் ஒரே ஜீவன். அதுவும் நிறைசினை. எங்கள் டென்னஸி மலைப்பக்கத்தில் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள், நாய்த்திருடனை மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற வனக்காவலரான வெர்லின் அசையாமல் கேட்டார். “எப்போலேருந்து?”

“சனிக்கிழமை காலையிலேருந்து. ரெண்டு நாளாத் தேடிட்டேன். கொட்டில் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கு.”

“அப்ப தானா ஓடல. ஓடுற நாய் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போகாது.”

“லானி கேகிள்தான்!” என்று கத்தியை ஆட்டினான் கடைக்கார ஹோபர்ட். துப்பறிவதில் அவனுக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி சவரத்தில் இருந்தால் எங்கள் ஊர் ஆண்கள் முகத்தில் இத்தனை கீறல் இருக்காது. “நாய் ஊளை தாங்கலன்னு தினம் ஜன்னலத் திறந்து திட்டுவானே!”

பக்கத்து வீட்டுக் கிழவன் லானிதான் என்று மதியத்துக்குள் தெருவே முடிவு கட்டிவிட்டது. எங்கள் ஊரில் தீர்ப்பு முதலில் வரும். விசாரணை பிறகு, நேரமிருந்தால்.

வெர்லின் போய்த் தட்டியபோது லானி கதவைப் பாதிதான் திறந்தான். “திட்டினேன். நாளைக்கும் திட்டுவேன். திருடிட்டா யாரைத் திட்டுறது?”

அடுத்தது டாயல். க்ளெமி புருஷனின் தம்பி. சின்னப் பையனாக டெட்ராய்ட் போனவன், போன வசந்தத்தில்தான் திரும்பியிருந்தான்.

“பாவம் அண்ணி,” என்றான். கேட்காமலே மேலும் சொன்னான்: “சனிக்கிழமை பூரா நான் வீட்ட விட்டு நகரல. வாசப்படில ராஜாப் பாம்பு வந்துச்சு. பிடிச்சு சோளக் களஞ்சியத்துல விட்டேன். பாருங்க.”

ராஜாப் பாம்புக்கு விஷமில்லை. விஷப் பாம்புகளையே விழுங்கிவிடும். அதை இங்கே யாரும் அடிப்பதில்லை. களஞ்சியத்தில் குடிவைத்துவிட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொள்வோம். டாயலின் கைப்பேசிப் படத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒன்று அவன் தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கியது. பளபளக்கும் கறுப்பு, உடம்பெங்கும் வெள்ளைச் சங்கிலி. மேலே சனிக்கிழமைத் தேதி.

வெர்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “அழகு,” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார ஞாயிறு மாலை தேவாலய விருந்தில், அவரைக்காயும் சோள ரொட்டியுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது வெர்லின் அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொன்னார்.

“டாயல், இது உன் வாசல்தானா?”

“சத்தியமா.”

“நம்ம ஊர் ராஜாப் பாம்பு கறுப்புல்ல? பாதிரியார் அங்கி மாதிரி?”

டாயல் சிரித்தான். “என்னண்ணே, மறந்துட்டீங்களா? சின்னதுல நான் எத்தனை பிடிச்சிருக்கேன்! எல்லாத்துக்கும் சங்கிலி இருந்துச்சு.”

“இருக்கும். நீ பிடிச்சது குட்டிங்க. இங்க பொறக்கறப்ப சங்கிலி போட்டுக்கிட்டுதான் பொறக்கும். வளர வளர அழிஞ்சு, ரெண்டு மூணு புள்ளிதான் மிஞ்சும். நீ இருந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உன் தோள்ல தொங்குறது குட்டியா?”

வெர்லின் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார்.

“வளந்தப்புறமும் சங்கிலியக் கழட்டாத ஜாதி ஒண்ணு இருக்கு. ஆனா அது மலைக்குக் கிழக்க, கரோலினாப் பக்கம். அப்ப சனிக்கிழமை நீ மலையத் தாண்டியிருக்க. பொய் சொல்லவேண்டிய அளவுக்கு அங்க உனக்கு என்ன வேல?”

“யாரோ... பாம்ப இங்க கொண்டுவந்து விட்டிருக்கலாம்ல...”

“விட்டிருக்கலாம். வா, உன் களஞ்சியத்துல போய்ப் பாப்போம்.”

டாயல் எழவில்லை. க்ளெமிதான் எழுந்தாள். “என் பெல் யார் கொட்டில்ல இருக்கு? சொல்லுடா!”

“அங்க ஒரு வேட்டைக்காரன்... குட்டிங்களுக்காகக் கேட்டான், அண்ணி,” என்றான் தட்டைப் பார்த்தபடி. படம் எடுத்த இடமும் அந்த வேட்டைக்காரன் கொட்டில்தானாம். நாயை விற்ற இடத்திலும் பீற்றிக்கொள்ள ஒரு பாம்பு கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

“லானி அப்பாவின்னு நான் அப்பவே சொன்னேன்,” என்றான் ஹோபர்ட். யாரும் மறுக்கவில்லை, எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பொழுது சாயும்போது வெர்லினின் வண்டி க்ளெமி வீட்டு முன் நின்றது. பெல் இறங்கி, வயிறு தரையில் உரச நடந்து, கொட்டிலை முகர்ந்து, தெருவே அதிர ஊளையிட்டது. க்ளெமி அதன் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டாள்.

லானியின் ஜன்னல் திறந்தது. வசவுக்காகக் காத்திருந்தோம்.

அவன் ஜன்னலை மூடவுமில்லை, திட்டவுமில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.