சாக்பீஸ் கோட்டுக்கு மேலே

அக்டோபர் 14, செவ்வாய். இன்று செய்த தவறு: ஹெட்லைட்டை உயரமாக வைத்துவிட்டேன். எதிரே வந்த கார்கள் விளக்கை அடித்து அடித்துத் திட்டிக்கொண்டு போயின. கராஜ் சுவரில் கோடு போட்டு அளந்துதான் வைத்தேன். அளந்தது தப்பாக இருக்கும்.

வேலைக் குறிப்பு எழுதும்படி பைக் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்கள். ரிக்கே மட்டும் விடாமல் எழுதினாள். வசந்தத்தில் மலிவாக வாங்கிய அந்தப் பைக் அவளைவிட இருபது வயது மூத்தது. கோடை முழுக்க அதில்தான் தீவிலிருந்து கரைக்கு, பேக்கரி வேலைக்குப் போய்வந்தாள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கியதும் செவ்வாயும் வியாழனும் அதையே பள்ளிக்கூடப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டப் பழகினாள். மாட்டியதை வீட்டுக்கு வந்ததும் இன்னொரு முறை திருகிப் பார்ப்பாள். தன் கைமேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

அதனால்தான் அணைச்சாலையில் நடந்ததற்கும் அவள் தன் கையையே குற்றம் சொன்னாள்.

கரையிலிருந்து தீவுக்கு வரும் அந்தச் சாலை வளைவே இல்லாமல் கடலை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. நீர் வற்றிய நேரமானதால் இரு பக்கமும் சேறு கிடந்தது. அழுகிய பாசியும் இரும்பும் கலந்த அதன் வாடை ஹெல்மெட்டுக்குள் புகுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. சாலையின் பாதியில், பழுதான வண்டிகள் ஒதுங்குவதற்காக விட்டிருந்த இடத்தைத் தாண்டும்போது பைக்கின் பின்பக்கம் மெல்ல அழுந்தியது. ரோட்டில் கிடந்த வெளிச்சம் தலைதூக்கி, தார் முடிந்து வானம் தொடங்கும் இடத்துக்குப் போய் நின்றது. குழி எதுவும் இல்லை. வீடு வரை வெளிச்சம் இறங்கவில்லை. கராஜுக்குள் நுழைந்தபோது அது சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கோட்டுக்கே வந்திருந்தது.

வியாழக்கிழமை பட்டறையில், கூடப் படிக்கும் லோனே அவளைப் பிடித்துக்கொண்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

"என்னடி, உன் ஹெட்லைட் ரோட்டுக்கா, இல்ல மேல பறக்கற வாத்துக்கு வழி காட்டறியா? எங்க வீட்டுக்காரருக்கு எதிர்லதான் வந்திருக்க. கண்ணே போச்சுன்னு புலம்பறாரு."

"அளந்துதான் வெச்சேன். எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல."

"உனக்கு எல்லாத்துலயும் தப்புதான். உக்காரு, பாக்கலாம்."

பட்டறைச் சுவரிலும் அதே அளவில் ஒரு கோடு போட்டு, பைக்கை அதற்கு நேரே நிறுத்தி ரிக்கே ஏறி உட்கார்ந்தாள். வெளிச்சம் கோட்டில் கச்சிதமாக விழுந்தது. லோனே பின்சீட்டில் தொப்பென்று ஏறினாள். ஸ்பிரிங் முனகியது. வெளிச்சம் ஒரு சாண் மேலே போனது.

"பாத்தியா? பின்னாடி ஆள் ஏறினா மூக்கு தூக்கும். ஸ்பிரிங்க இறுக்கணும், அவ்வளவுதான். நீ சரியாத்தான் வெச்சிருக்க. தனியா வர்றவளுக்கு இது போதும்."

"நான் தனியாத்தான் வந்தேன்."

"யாரு கண்டா! எந்தப் பையன ஏத்திட்டுச் சுத்தறியோ! எங்ககிட்டயே மறைக்கறியாடி?"

பட்டறையே சிரித்தது. ரிக்கேயும் சிரித்தாள். நோட்டில், 'ஹெட்லைட்டில் தவறில்லை' என்று எழுதினாள். தன் தவறாக இருந்திருக்கலாமே என்று முதல்முறையாக ஆசைப்பட்டாள்.

அன்று திரும்பும்போது காற்று இல்லை. இன்ஜினின் சீரான படபடப்பும், செயின் சுற்றும் மெல்லிய சத்தமும், எங்கோ சேற்றில் நீர் திரும்பி ஏறும் சலசலப்பும் காதில் தனித்தனியாக விழுந்தன. வாடை வந்தது. ஒதுங்குமிடம் வந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

பின்பக்கம் அழுந்தியது.

வெளிச்சம் எழுந்தது.

கண்ணாடியில் இருட்டு மட்டும் தெரிந்தது. திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் காற்று படவேண்டிய இடத்தில் காற்று படவில்லை. தீவுக்குள் சாலை லேசாக வளையும் இடத்தில் அவள் சாய்ந்தாள். பாரமும் கூடவே சாய்ந்தது. பைக்கில் போய்ப் பழகிய ஆள் சாய்வது போல.

கராஜில் அவள் இறங்கவில்லை. இன்ஜினை மட்டும் நிறுத்தினாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு சுவரையே பார்த்தாள். கோட்டுக்கு ஒரு சாண் மேலே மஞ்சள் வட்டம். மூச்சு விட்டால்கூட அது நடுங்கும். அவள் மூச்சு விடவில்லை.

ஸ்பிரிங் பெருமூச்சு விட்டது. வட்டம் இறங்கிக் கோட்டில் உட்கார்ந்தது.

அவள் அசையவே இல்லை.

வீட்டுக்குள் போகும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதை வழக்கமாகச் சாத்தித்தான் வைப்பார்கள். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே தங்கச்சி இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததும் ஓடினாள்.

பதினொரு வயதுத் தேயா மாடியில், தலைமாட்டில் சின்ன விளக்கு மட்டும் எரிய, கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"மறுபடி எங்க போன?"

"இப்பதானே வரேன்."

"பொய் சொல்லாதக்கா. இப்பதான் வந்து கால்மாட்டுல உக்காந்த. இருட்டுல ஹெல்மெட்ட கூடக் கழட்டல. நான் பேசறேன் பேசறேன், பதிலே இல்ல. போன தடவையும் இப்படித்தான். பாரு, போர்வையெல்லாம் ஈரம் பண்ணிட்ட."

போர்வையின் நுனி நனைந்திருந்தது. ரிக்கே அதை முகர்ந்து பார்த்தாள். பாசி. இரும்பு.

செவ்வாய். வியாழன். அதற்கு முன்பு? கோடையிலும் செப்டம்பரிலும் அவள் திரும்பும்போதெல்லாம் பகல் வெளிச்சம் இருந்தது. பகலில் ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

அன்றிலிருந்து தேயாவைத் தன் அறையில் படுக்கவைத்தாள். வெள்ளிக்கிழமை அப்பா, தான் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து கூப்பிட்டார். நடுக்கடலில் பலத்த காற்று, வீட்டுக்கு வர ஹெலிகாப்டர் புதன்கிழமைதான் என்றார்.

"அப்பா, நம்ம வீட்ல..." என்று தொடங்கினாள். எப்படிச் சொல்வது?

"என்னம்மா? குழாய் மறுபடி ஒழுகுதா?"

"ஒண்ணுமில்ல."

"சின்னவளப் பாத்துக்க. உன்ன நம்பித்தான் நான் இங்க நிம்மதியாத் தூங்கறேன்."

சனிக்கிழமை தேயா சாப்பிடவில்லை. கறுப்பு ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவிக் கொடுத்தால், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டதற்குக் குளித்தேன் என்றாள். குளியலறை காய்ந்து கிடந்தது. மாலையில் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நாலாவது படி யார் மிதித்தாலும் கத்தும், பூனை ஏறினால்கூட. அன்று அது கத்தவில்லை. ஈரக் காற்றுக்கு மரம் உப்பியிருக்கும் என்று ரிக்கே நினைத்துக்கொண்டாள். பிறகு அவளே போய் மிதித்துப் பார்த்தாள். படி கத்தியது.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கரையிலுள்ள அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அன்று தீவுக்குப் பஸ் கிடையாது. பைக்தான். பகலிலேயே, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போய்விட வேண்டும். கொக்கி போல வளைந்த ஸ்பேனரால் பின் ஸ்பிரிங்கின் பல்வளையத்தைத் திருகி, இருவர் பாரத்துக்கான பல்லில் இறுக்கி வைத்தாள். பின்பக்கம் உயர்ந்தது. கராஜ் கதவை மூடிவிட்டு, அவள் மட்டும் ஏறி உட்கார்ந்தபோது வெளிச்சம் கோட்டுக்கு ஒரு சாண் கீழே விழுந்தது. சரி. தேயாவும் ஏறினால் மேலே வரும். அதன் பிறகு கிளம்பலாம். அளந்து பார்க்காமல் அவளால் எதையும் செய்ய முடியாது.

"ஏறு."

பழைய ஹெல்மெட் காலரில் உரசும் சத்தம். தோளில் ஒரு கை. பிறகு இடுப்பைச் சுற்றி இரண்டு கை.

வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே இருந்தது.

"நல்லா ஏறி உக்காருடி."

"உக்காந்துட்டேன்கா."

"காலத் தரையில ஊனியிருக்கியா?"

"இல்லயே. மேலதான் வெச்சிருக்கேன்."

ரிக்கே குனிந்தாள். இரண்டு சிறிய காலணிகள், மிதிகட்டையின் மேல்.

"இறங்கிட்டு மறுபடி ஏறு."

இறங்கினாள். ஏறினாள். ஸ்பிரிங் முனகவில்லை. மஞ்சள் வட்டம் நடுங்கக்கூட இல்லை.

"போலாமாக்கா?"

அந்தக் குரல் தேயாவுடையதுதான். கொஞ்சம் அடைத்த மூக்கு. கேள்வியின் முடிவில் எழும் அந்தச் செல்லம். ரிக்கே சுவரையே பார்த்தாள். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் பைக். ஒருத்தியின் பாரம். இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. அவை பிடித்திருந்த இடத்தில் ஜாக்கெட் நனைந்துகொண்டிருந்தது. சட்டை நனைந்தது. தோல்.

"போலாமாக்கா?"

வட்டம் அசையவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு. எங்கும் போகவில்லை. நாளைய வேலை: பின் ஸ்பிரிங்கை மறுபடி ஒருவருக்கான பல்லில் வைக்க வேண்டும்.