ஒரே விலாசத்துச் சலவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பறிவாளர் வீட்டு வாசல் மணியை அடித்த பல் டாக்டர், கையை நீட்டிய மட்டும் நீட்டி, விரல் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டபடி உள்ளே வந்தார். பையைப் பார்த்ததும் துப்பறிவாளரின் மைத்துனன் அவசரத்துக்கு வாயெல்லாம் பல். உள்ளே ரத்தக்கறை படிந்த கத்தி ஒன்று இருந்துவிட்டால் போதும், இந்த மாதம் முழுக்க நன்றாகப் பொழுது போகும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

துப்பறிவாளருக்கு நிதானம் என்றும், அவரோடு ஒட்டிக்கொண்டு திரியும் மைத்துனனுக்கு அவசரம் என்றும் பெயர் வைத்தது தெருக்காரர்கள்தான். பெற்றோர் வைத்த பெயர்களை இப்போது அவர்கள் வீட்டிலேயே யாரும் சொல்வதில்லை.

டாக்டர் பையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது பாத்திரம் துடைக்கும் வெள்ளைத் துணி. அதில் அங்கங்கே நீலப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மோந்து பாருங்க சார்."

நிதானம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் அவசரம் முந்திக்கொண்டு மூக்கை நுழைத்தான். அடுத்த நொடி ஜன்னலடியில் நின்று மூச்சு வாங்கினான்.

"கால் நாத்தம் அத்தான்! சத்தியமா கால் நாத்தம்!"

"துவைச்ச துணிங்க அது," என்றார் டாக்டர். "எங்கம்மா ஆஸ்பத்திரி நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. என் மனைவி ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர். துணி துவைக்கிற விஷயத்துல ரெண்டு பேரும் ஒரே கட்சி. பாத்திரத் துணி, மூஞ்சி துடைக்கிற துண்டு, உள்ளாடை இதெல்லாம் சுடுதண்ணியில. சட்டை, பேன்ட் பச்சைத் தண்ணியில. சாக்ஸ், கால்மிதி, தரை துடைக்கிற துணி மெஷின் பக்கமே வரக்கூடாது, தனி வாளி. இதான் எங்க வீட்டுச் சட்டம்."

"சட்டத்தை மீறினது யாரு?"

"அதான் தெரியல. கொஞ்ச நாளா கால்மிதியும் பாத்திரத் துணியும் ஒண்ணா நனைஞ்சு வருது. என் மனைவி பண்ணலைங்கிறா. அம்மா பண்ணலைங்கிறாங்க. நேத்து என் மனைவி வாய் தவறி, 'அத்தைக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க'ன்னுட்டா. அவ்வளவுதான். அம்மா பெட்டி கட்டிட்டாங்க. சாயங்காலம் பஸ். தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், இனிமே இந்தப் படி ஏறமாட்டேங்கிறாங்க. ரெண்டு பேரும் நகமும் சதையுமா இருந்தவங்க சார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து என்னைத் திட்டின வீடு அது!"

அந்தப் பொற்காலத்தை நினைத்து டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"வீட்ல வேற யாரு?" என்று கேட்டார் நிதானம்.

"அப்பா. தபாலாபீஸ்ல காலமெல்லாம் ஊர் வாரியா கடுதாசி பிரிச்சவர். அவரை விடுங்க. மெஷின் மூடி எந்தப் பக்கம் திறக்கும்னே அவருக்குத் தெரியாது."

டாக்டர் வீட்டுக் கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது பெட்டிதான். வாசலைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. பக்கத்து நாற்காலியில் டாக்டரின் அம்மா அதைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கன்னத்தில் வட்டமாகச் சிவந்த படை ஒன்று இருந்தது. அதன்மேல் களிம்பு பூசியிருந்தது.

"நல்லாப் பாருங்க," என்று கன்னத்தைத் திருப்பினார். "வார்டு வார்டா சுத்தினப்பகூட ஒட்டாத படை இது. என் வீட்டுத் துண்டுலேருந்து ஒட்டியிருக்கு."

"வேற யாருக்காவது வந்திருக்காம்மா?"

"இல்ல. எனக்கு மட்டுந்தான்."

சமையலறை வாசலில் நின்ற டாக்டரின் மனைவிக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "அத்தை மேல சத்தியமா நான் பண்ணல சார். நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள துணி துவைச்சு, காஞ்சு, மடிச்சு, அவங்கவங்க ரூம் வாசல்ல இருக்கும். அத்தைதான் செஞ்சாங்கன்னு முதல்ல சந்தோஷமாக்கூட இருந்துது."

"நானும் இவதான் லீவு போட்டுச் செஞ்சிருக்கான்னு நெனச்சேன்," என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல். "நான் முட்டிவலி எக்ஸர்சைஸுக்குப் போயிட்டு வந்தா வேலை முடிஞ்சிருக்கும்."

அப்போது டாக்டரின் அப்பா தேநீர்த் தட்டோடு வந்தார். மெலிந்த மனிதர். இடது மணிக்கட்டில் ரப்பர் பேண்டுகள் வளையல் மாதிரி கிடந்தன. ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தைத் தேய்த்தபடியே எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். கொடுக்கும்போது கண் மட்டும் பெட்டி மேலேயே இருந்தது.

"மாமா, நீங்க ஏன் தூக்கிட்டு வர்றீங்க?" என்று மருமகள் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இதாவது செய்யட்டும்," என்றார் அம்மா. "என் வெள்ளை யூனிஃபார்மைச் சிவப்புத் துண்டோட கொதிக்கிற தண்ணியில போட்டு ரோஸ் கலர் ஆக்கினாரே, அன்னிக்கே மெஷினைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ரோஸ் கலர்ல போய் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னேன் சார்!"

அவசரத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. தேநீரோடு சேர்த்து அதையும் விழுங்கினான்.

சலவை மெஷின் பின்கட்டில் இருந்தது. நிதானம் அதன் முன் குந்தி உட்கார்ந்து தண்ணீர்ச் சூட்டை வைக்கும் திருகு எங்கே நிற்கிறது என்று வெகுநேரம் பார்த்தார். அது பச்சைத் தண்ணீர்க் குறியில் நின்றது. பஞ்சு சேரும் வலையை உருவினார். நீலப் பஞ்சு கொத்தாக வந்தது.

வெளியே கொடியில் நேற்றுத் துவைத்த துணிகள் அப்படியே தொங்கின. சாட்சி கலையக்கூடாது என்று யாரையும் எடுக்க விடவில்லையாம் அம்மா. ஒரு முனையில் டாக்டரின் சட்டை, மனைவியின் தலைத்துண்டு, டாக்டரின் சாக்ஸ், மனைவியின் பாவாடை. பிறகு கொஞ்சம் இடைவெளி. அதன்பின் அம்மாவின் பூப்போட்ட முகத்துண்டு, அப்பாவின் சாம்பல் நிற சாக்ஸ், அம்மாவின் நைட்டி, அப்பாவின் பனியன். மறுபடியும் இடைவெளி. கடைசியில் பாத்திரத் துணி, நீலக் கால்மிதி, இன்னொரு பாத்திரத் துணி, தரை துடைக்கும் துணி.

"தலையும் புரியல, வாலும் புரியல அத்தான்," என்றான் அவசரம். "கை போன போக்குல காயப்போட்டிருக்காங்க. மருமகதான். வேலைக்குப் போற பொண்ணு, அவசரத்துல எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கிட்டா. கையும் களவுமாப் பிடிச்சுடலாம்."

"கை போன போக்குல போட்டா நடுவுல எதுக்கு மாப்ளே இடைவெளி?"

அவசரம் கொடியைப் பார்த்தான். இடைவெளி இடைவெளியாகத்தான் இருந்தது. அதற்குமேல் அது அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

நிதானம் கொடியிலிருந்த அத்தனையையும் உருவி, பழைய போர்வை ஒன்றில் மூட்டையாகக் கட்டிக் கூடத்துக்குக் கொண்டு வந்தார். நடுவில் கொட்டி நன்றாகக் கலக்கினார். அம்மா கால்களை நாற்காலி மேலே தூக்கிக்கொண்டார்.

"ஒண்ணும் பெருசா இல்ல. துவைக்கப் போறதா நெனச்சு, ஒவ்வொருத்தரா வந்து இதைப் பிரிச்சுக் காட்டணும். யோசிக்காம, உங்க வழக்கப்படி."

அம்மா ஒரு குச்சியை வாங்கி, கால்மிதியையும் சாக்ஸையும் பிணத்தைத் தள்ளுவது போல ஓரமாகத் தள்ளினார். சுடுதண்ணீர்த் துணி, பச்சைத் தண்ணீர்த் துணி, வாளித் துணி என்று மூன்று குவியல். மருமகளும் அச்சு அசலாக அதே மூன்றைப் பிரித்தாள். பிரித்து முடித்ததும் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் இரு கையாலும் அள்ளி ஒரே குவியலாக்கினார். "ஒரே தடவையில போட்டுட்டா கரண்டும் மிச்சம், நேரமும் மிச்சம் இல்லையா?"

"அடப்பாவி!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவசரம் துள்ளி எழுந்தான். "அத்தான்! குட்டு வெளிப்பட்டுடுச்சு! புகார் கொண்டு வந்தவரே..."

"உக்காரு மாப்ளே. இவர் போட்டிருந்தா துணி கொடிக்கே வந்திருக்காது. மெஷின்லயே மறந்து புழுங்கியிருக்கும்."

"அது நெசந்தான்," என்றாள் டாக்டரின் மனைவி.

"ஐயா, நீங்க வாங்க," என்றார் நிதானம்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று அப்பா இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு மெஷின்..."

"மெஷின் வேண்டாம். கை போதும்."

அப்பா குவியலின் முன் வந்து நின்றார். முதல் துணியை எடுக்கும்போது தயங்கினார். இரண்டாவதுக்குத் தயக்கமில்லை. மூன்றாவதிலிருந்து அவருடைய கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. சட்டை வலப்பக்கம், துண்டு இடப்பக்கம், சாக்ஸ் வலப்பக்கம், கால்மிதி நடுவில். மணிக்கட்டு சுண்டச் சுண்ட, துணிகள் பறந்து போய் அததன் இடத்தில் விழுந்தன. கண் சிமிட்டுவதற்குள் மூன்று கட்டு. கடைசியாக மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, பாத்திரத் துணியையும் கால்மிதியையும் சேர்த்து 'டப்' என்று மாட்டினார்.

மாட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவா?" என்றார் டாக்டர்.

"கொடியே சொல்லிச்சு," என்றார் நிதானம். "கொடியில ஒழுங்கு இல்லாம இல்ல. வேற ஒழுங்கு இருந்துது. முதல்ல மகன் ரூம். நடுவுல அம்மா, அப்பா ரூம். கடைசியில பொது. நர்ஸும் டீச்சரும் என்ன துணின்னு பார்த்துப் பிரிப்பாங்க. இவர் யாருக்குப் போற துணின்னு பார்த்துப் பிரிச்சிருக்கார். காலமெல்லாம் விலாசம் பார்த்தே பழகின கண்ணு. பாத்திரத் துணி, கால்மிதி, தரைத் துணி மூணும் யாருக்கும் சொந்தமில்ல, வீட்டுக்குப் போறது. அதனால ஒரே கட்டு, ஒரே சலவை."

"அப்ப திருகு?" என்று கேட்டான் அவசரம்.

"பொண்ணுங்க ரெண்டு பேர்ல யார் துவைச்சிருந்தாலும் பாத்திரத் துணிக்குச் சுடுதண்ணிதான் வச்சிருப்பாங்க. ரோஸ் யூனிஃபார்ம்ல அனுபவப்பட்டவர்தான் சுடுதண்ணின்னாலே பயப்படுவார். சிவப்புத் துண்டு பண்ணின தப்புக்குச் சுடுதண்ணி மேல பழியைப் போட்டுட்டார். பச்சைத் தண்ணியில கால்கிருமிக்கு ஒண்ணும் ஆகல, சுகமா நீச்சல் அடிச்சிருக்கு. ஐயா கால் விரலிடுக்குல அரிப்பு இருக்கு. வந்ததுலேருந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கார். அவர் சாக்ஸ் அம்மாவோட முகத்துண்டோட மட்டுந்தான் போச்சு. அதனாலதான் படையும் அம்மாவுக்கு மட்டும்."

அம்மாவின் கை கன்னத்துக்குப் போனது. "என் கன்னத்துல இருக்கிறது உங்க கால்ல இருந்ததா!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நீ குனிஞ்சு நிமிரும்போதெல்லாம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகறே. கேக்க முடியல. நீ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சுடலாம்னு பார்த்தேன். மொதல்ல நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மெச்சிக்கிட்டீங்க. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன், நல்லா இருந்துது. அப்புறம் நாத்தம்னீங்க, சண்டைன்னீங்க. அதுக்கப்புறம் வாயைத் திறக்கத் தைரியம் வரல."

"அது சரி. போயும் போயும் என் மூஞ்சித் துண்டோடயா உங்க சாக்ஸைப் போடுவீங்க?"

அவர் உண்மையிலேயே புரியாமல் மனைவியைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே விலாசந்தானே?"

மருமகள் தரையில் உட்கார்ந்து மாமியாரின் முழங்காலில் தலையைச் சாய்த்து, "மன்னிச்சுக்கோங்க அத்தை, வயசாயிடுச்சுன்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"வயசு ஆயிடுச்சுதான்டி. ஆனா கால்மிதிக்கும் பாத்திரத் துணிக்கும் வித்தியாசம் தெரியாத வயசு இல்ல," என்று அம்மா அவள் தலையைத் தடவினார். "போய்த் தண்ணியைச் சூடு பண்ணு. எல்லாத்தையும் மறுபடி துவைக்கணும். அந்த ஒரே குவியல்காரனையும் இழுத்துட்டு வா, வாளித் துணியை அவன் கசக்கட்டும்."

பல் டாக்டருக்குத் திட்டு விழ ஆரம்பித்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவசரம் அன்றுதான் பார்த்தான்.

அப்பா மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "பெட்டி..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"பார்த்துக்கிட்டே நின்னா ஆச்சா? திறந்து துணியெல்லாம் எடுத்து வைங்க," என்றார் அம்மா.

அவர் குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே அம்மாவின் துணிகள். அதற்குக் கீழே அவருடைய இரண்டு சட்டை, அவருடைய கம்பளிச் சட்டை, காலுக்குப் போடும் களிம்பு. அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, வாய் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அதற்குள் அவருடைய சாக்ஸ் ஜோடி ஜோடியாக மடித்திருந்தது.

"இதெல்லாம் என்னோடது," என்றார் அப்பா. "நீ மட்டுந்தான் போறேன்னு நெனச்சேன்."

"உங்களை விட்டுட்டா போவேன்?" என்றார் அம்மா, கன்னத்தைச் சொறியாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு. "ஆனா சாக்ஸ் தனிப் பைதான். அதை முதல்ல வாளியில போடுங்க."