வயர் பிடுங்கிய விளக்கு

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் காரை அப்பாவின் பழைய முதலாளி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கையை எடுத்திருக்க மாட்டாள், அத்தனை ஆத்திரம்.

அது அப்பா ஓட்டிய கார். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய கிழட்டு வண்டி. இந்த முதலாளியின் வாடகைக் காராக ஓடிக்கொண்டிருந்தபோது, மலைப்பாதை வளைவில் எஞ்சின் இறுகி, ஸ்டியரிங் கல்லாகிப் போய், பள்ளத்தில் இறங்கி அப்பாவைக் கொன்ற கார். அதையே வேறு எஞ்சின் வைத்து, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்து, "குடும்பம் பொழைச்சுக்கட்டும்" என்று முதலாளி இனாமாகக் கொடுத்தார். கொலை செய்த கத்தியைக் கழுவித் துடைத்துப் பரிசாகக் கொடுக்கிற பெருந்தன்மை. கொடுத்த சூட்டோடு டாக்சி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியும் வைத்தார். ஆயில் பார்க்கக்கூடத் துப்பில்லாத சோம்பேறி, தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று.

அம்மா அதை நம்பினாள். அதுதான் மகளுக்கு ஆறவே இல்லை. அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்ட அம்மா விடவில்லை. கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் நம்மை இப்படி நடுத்தெருவில் விட்டிருப்பாரா என்று, பாத்திரம் கழுவும்போதெல்லாம் பாத்திரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளுக்குத் தெரிந்த அப்பா வேறு. விடிந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே பானெட்டைத் தூக்குகிற மனிதர். ஆயில் அளவுக் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஊற்றுவார். பிறகு துடைத்த துணியை நான்காக மடித்து வைப்பருக்கு அடியில் செருகிவிட்டுத்தான் டீ குடிக்க வருவார். ஆயில் பார்த்தாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த மனிதரா சோம்பேறி?

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர இந்தக் காரைத்தான் ஓட்டினாள். காருக்கு வேறு பசி. ஊற்ற ஊற்ற ஆயிலைக் குடித்தது. மாலையில் குச்சியின் மேல்கோடு வரை ஊற்றினால் காலையில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கும். ஓடாமலே.

முதலாளியின் வண்டிகளையும் பார்க்கிற பூனைக்கண் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் அடியில் அட்டை விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. எஞ்சினை முறுக்கிப் புகையைப் பார்த்தார், நீலம் இல்லை. பிளக்கைக் கழற்றினார், காய்ந்து கிடந்தது. ரேடியேட்டர் தண்ணீர் பளிங்காக இருந்தது.

"ஒழுகலை, எரியலை, தண்ணியிலயும் கலக்கலை தங்கச்சி. அப்ப யாரோ குடிக்கிறாங்க" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கின் வயரைப் பிடுங்கி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

பழைய டேப்.

மென்று விழுங்கித்தான் விஷயத்தைச் சொன்னார். முதலாளியின் வண்டிகள் எல்லாமே ஓட ஓட ஆயிலை எரித்துக் குடிக்கிறவை. எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்த பிஸ்டன் ரிங் மாற்றச் சொன்னால் முதலாளி கேட்க மாட்டார், ஊற்றி ஓட்டு என்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிற வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று எல்லா வண்டியிலும் வயரைப் பிடுங்க வைத்தார். காலையில் அப்பா பார்த்து ஊற்றியது மலை ஏறுவதற்குள் தீர்ந்திருக்கும். தீர்ந்துவிட்டது என்று சொல்ல வண்டிக்கு வாய் இல்லை. வாயைத்தான் தைத்துவிட்டார்களே.

அவள் நேராக முதலாளியிடம் கிளம்ப இருந்தபோதுதான் அவரே போனில் கூப்பிட்டார். உடனே வீட்டுக்கு வரச் சொன்னார். 

முதலாளி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

உள்ளே எரிந்த ஆயில் வாடை. நீண்ட பயணம் போய்வந்த எஞ்சின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. கூடவே சூடான இரும்பின் வாடை. விளக்கு ஒன்றும் போடவில்லை. பளபளக்கும் வெள்ளைத் தரையில் அங்கங்கே வட்ட வட்டமாக ஏதோ மினுங்கியது.

முதலாளி நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக நிற்கிறவர், இப்போது பழைய பனியனில் சுருங்கிக் கிடந்தார். மனைவி பிள்ளைகளை எல்லாம் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? வீட்டுக்குள்ள வந்து ஆயில் ஊத்துறது நீதானே?"

துடைக்கத் துடைக்க வருகிறதாம். குழாயைத் திறந்தால் கறுப்பாக வருகிறதாம். பூட்டை மாற்றினாராம், காவலுக்கு ஆள் போட்டாராம். அவள் குனிந்து ஒரு வட்டத்தை விரலால் தொட்டாள். தேன் நிறம். கை படாத புது ஆயில். நேற்று மாலை அவள் காரில் ஊற்றியது. திரவங்களைப் பார்த்தே பிழைக்கிறவள் அவள். அந்த நிறமும் பிசுக்கும் அவளுக்குப் பிடிபட்டன.

வட்டங்கள் இரண்டிரண்டாக இருந்தன.

வாசலில் இரண்டு. கூடத்தில் இரண்டு. படுக்கையறைக் கதவைத் தாண்டி, கட்டிலை ஒட்டி இரண்டு.

கட்டிலை ஒட்டியவை மட்டும் பெரியவை. ஒரே இடத்தில் ஆள் வெகுநேரம் நின்றால் தேங்குமே, அப்படி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்குள்ளிருந்து. டக். டக். டக். ஆயில் வற்றிய எஞ்சின் அடிக்கிற சத்தம்.

"கேக்குதா? உனக்கும் கேக்குதா?" முதலாளி கிசுகிசுத்தார்.

அவளுக்கும் கேட்டது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

"எங்கம்மாவுக்குப் போன் போடுங்க. வயரைப் பிடுங்கச் சொன்னது யாருன்னு சொல்லுங்க."

அவர் மறுத்தார். சத்தம் வேகம் பிடித்தது. சுவர் ஓரமாக நகர்ந்து, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று அடித்தது. அவர் பிடரியில் ஏதோ சொட்டியது. தொட்டுப் பார்த்தவர், கறுத்த விரல்களாலேயே போனை எடுத்தார்.

எல்லாம் சொன்னார். ரிங் மாற்றச் சொல்லி அவள் அப்பா கெஞ்சியதையும், வயரைப் பிடுங்கியதையும், கடைசி நாளில் வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்று தானே உத்தரவு போட்டதையும்.  ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது, யாரிடமும் பேசாதது போல.

"செத்த மனுசனைத் தினமும் திட்டிக்கிட்டிருந்தேனே."

டக் சத்தம் நின்றது.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சத்தம் நின்றதும் ஆளே மாறிவிட்டார், பழைய விறைப்பு முதுகில் ஏறியது. இதையே ஸ்டாண்டில் போய் எல்லா டிரைவர்களிடமும் சொல்ல வேண்டும், மற்ற வண்டிகளின் வயர்களை மாட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்தேவிட்டார்.

"அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்மா. டேஷ்போர்டுல சிவப்பா எரிஞ்சா எவன் ஏறுவான்? படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

படிச்ச பொண்ணுக்கு அந்த இடத்தில் அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கை ஓங்குவதற்குள் அவர் பார்வை அவளைத் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே போய் நிலைத்தது. வாய் திறந்தபடி நின்றது.

அவளும் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அவருடைய வாடகைக் கார்கள் வரிசையாக நின்றன. பூட்டிய கார்கள். சாவிகள் எல்லாம் உள்ளே, அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு காரின் இருட்டுக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

பக்கத்துக் காரில் இன்னொன்று.

அதற்கு அடுத்ததில். அடுத்ததில். வரிசை முடியும்வரை.

வயரே இல்லாத விளக்குகள்.

அவள் ஓடவில்லை. நடந்து போய்த் தன் காரில் ஏறினாள். அவளுடைய டேஷ்போர்டு மட்டும் இருட்டாக இருந்தது. பின்னால் அந்த வீட்டுச் சுவர்கள் மறுபடி அடிக்கத் தொடங்கியது தெருமுனை வரை கேட்டது.

காலையில் எழுந்தபோது அம்மா அப்பாவின் படத்தைத் துடைத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.  கண் வீங்கியிருந்தது.

மகள் வெளியே வந்து பானெட்டைத் தூக்கினாள். குச்சியை உருவித் துடைத்தாள். மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நுனிகூட நனையவில்லை. ஒரே ராத்திரியில் மொத்தமும் போயிருந்தது.

முன்பெல்லாம் வயிறு எரியும். இன்று எரியவில்லை. புது கேனைத் திருகித் திறந்து நிதானமாக ஊற்றினாள். மேல்கோட்டைத் தொட்ட பிறகும், இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம்.

"வேணும்னா இன்னும் வாங்கிட்டு வரேன்ப்பா. அந்தாளு எல்லா வயரையும் மாட்டுற வரைக்கும் எடுத்துக்கோங்க."

கையைத் துடைக்கத் துணியைத் தேடினாள். பேட்டரி மேலே வைத்த துணியைக் காணவில்லை. பானெட்டைச் சாத்திவிட்டுப் பார்த்தாள்.

வைப்பருக்கு அடியில் இருந்தது. நான்காக மடித்து, இன்னும் சூடாக.